பாப்கார்ன் மெஷினில் காபிக் கொட்டை வறுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் காபிக் கொட்டை வறுப்பது பற்றி வந்த கேள்விகளில், கடாயை விட்டு வேறு சாமான்களில் கை வைத்தவர்கள் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸ். ‘முதல் வெடி’ என்பது கொட்டையின் உள்சூடு 196 டிகிரியைத் தொடும் சமயத்தில் விட்டுவிட்டு, பலமாகக் கேட்கும் சத்தம். ‘இரண்டாம் வெடி’ 225 டிகிரியை ஒட்டி வரும். எள் பொரிகிற மாதிரி மெல்லிசாக, இடைவிடாமல் கேட்கும். நம் ஃபில்டர் காபிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குச் சற்று முன்னால் இறக்குவது நல்லது.

பாப்கார்ன் பொரிக்கும் மின்சார மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் பீபெரி (உருண்டையான காபிக் கொட்டை) வறுக்கலாம் என்கிறார்கள். நிஜமா? மெஷின் கெட்டுவிடாதா?
– வாசகர், சேலம்

நிஜம்தான். நன்றாகவும் வரும். ஆனால் உங்கள் மெஷின் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். சூடான காற்று வரும் துளைகள் பக்கச் சுவரில் சாய்வான கீறல்களாக இருந்தால் சரி. கொட்டை சுழன்று சுழன்று வறுபடும். அடியில் வலை வைத்து நேராக மேலே ஊதும் வகை என்றால் வேண்டாம். கொட்டையிலிருந்து உரியும் உமி வலை வழியே சூட்டுக் கம்பியில் விழுந்து தீப்பிடிக்கும். எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் வகைக்கும் இந்த வேலை ஆகாது. அதில் காற்றே கிடையாது.

அளவு 70 முதல் 90 கிராம். சரியான அளவை மெஷினே சொல்லிவிடும். தொடக்கத்தில் கொட்டைகள் மெதுவாக நகர வேண்டும். அசையாமல் கிடந்தால் அதிகம், துள்ளி வெளியே விழுந்தால் குறைவு. முதல் ஒரு நிமிடம் கரண்டிக் காம்பால் கிளறிவிடலாம். ஈரம் போகப் போக எடை குறைந்து தானாகவே சுழல ஆரம்பிக்கும். இரண்டு நிமிடத்துக்குள் வெளிர் மஞ்சள், நான்கு, நான்கரை நிமிடத்தில் முதல் வெடி, ஆறு நிமிடத்தை ஒட்டி இறக்கும் பதம் என்று வந்தால் சரியாகப் போகிறது.

முதல் வெடி மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டால் வெளிப்புறம் கறுத்து, உள்ளே வேகாமல் நிற்கும். கொட்டையைக் கூட்டினால் தாமதமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த மெஷினில் தலைகீழ். கொட்டை கூடினால் காற்றின் வழி அடைபடும், தேங்கிய காற்று இன்னும் சூடாகும், வறுவல் இன்னும் விரைவாகும். நிதானப்படுத்த வேண்டுமானால் 10 கிராம் குறையுங்கள்.

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி இந்தச் சூட்டைத் தாங்காது, நெளிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, அடி வெட்டிய எவர்சில்வர் டம்ளரையோ அரிக்கேன் விளக்குச் சிம்னியையோ வாயில் பொருத்தினால் கொட்டை வெளியே விழாது, உமி மட்டும் மேலே பறக்கும். இரண்டு ஈடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் மெஷின் ஆறட்டும். பாதியில் தானாக நின்றுபோனால் உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பான் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தீயை நிறுத்த அந்த மெஷினில் இருப்பது அது ஒன்றுதான்.

அதே மெஷின், அதே கொட்டை. காலையில் வறுத்தால் ஐந்து நிமிடம், ராத்திரியில் ஒன்பது நிமிடம் ஆகியும் வெடிக்க மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகி, விருதுநகர்

மின்னழுத்தம்தான். சூட்டுக் கம்பியின் சக்தி மின்னழுத்தத்தின் இருமடிப்படி ஏறி இறங்கும். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் வோல்ட் விழும். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி வைத்து 25 நிமிடம் வறுத்தேன். நிறம் வந்தது, வாசம் வரவில்லை. டிகாக்‌ஷன் புல் வாசனையோடு சப்பென்று இருக்கிறது.
– வாசகி, அம்பத்தூர்

ஏர் ஃப்ரையரின் உச்சமே பெரும்பாலும் 200 டிகிரிதான். கொட்டை 200ஐத் தாண்டி ஏற வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று அதைவிட 30, 40 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டை வெடிப்பின் வாசல் வரை போய் அங்கேயே நின்று காயும். ஈரம் முழுக்கப் போய், வாசனைக்கான வேதிமாற்றம் பாதியில் நின்றுபோன கொட்டை அது. இன்னும் பத்து நிமிடம் வைத்தாலும் இன்னும் உலரும், அவ்வளவுதான். போதாததற்கு உமி பறந்து மேலே இருக்கும் கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகும்.

சுழலும் கூடை வைத்த ஓ.டி.ஜி. (மின்சார அடுப்புப் பெட்டி) உங்களிடம் இருந்தால் கதை வேறு. 250 டிகிரியில் பத்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, 300 கிராம் கொட்டையை வலைக்கூடையில் போட்டுச் சுழலவிடுங்கள். கூடையின் கண் 4 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது, பீபெரி ஒழுகிவிடும். 12 முதல் 16 நிமிடத்துக்குள் முதல் வெடி வரும். கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு சரசரவென்று இறங்கும், மறுபடி ஏற நேரம் பிடிக்கும். அடித்தட்டில் விழும் உமியை ஈட்டுக்கு ஈடு துடைத்துவிடுங்கள்.

மைக்ரோவேவ்?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். சூடு திட்டுத்திட்டாக விழும். ஒரே கொட்டையின் நடு கருகி, ஓரம் பச்சையாக இருப்பதை உடைத்துப் பார்த்தால் காணலாம். உள்ளே புகையும் கொட்டையை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது.

பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன்னால் வறுப்பவர்கள் இருக்கிறார்களாமே. முறை என்ன? ஹேர் டிரையர் போதுமா?
– வாசகர், திருப்பூர்

ஹேர் டிரையர் தலை காய வைக்கத்தான் லாயக்கு. அந்தச் சூட்டுக்குக் கொட்டை மஞ்சளாகக்கூட மாறாது. ஹீட் கன் அப்படியல்ல. 1,800 முதல் 2,000 வாட் வகையில் மூக்கில் 500 டிகிரிக்கு மேல் வரும். விசித்திரமான முறைகளில் பணம் குறைவாகவும் கட்டுப்பாடு அதிகமாகவும் தருவது இதுதான். கொட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, சூட்டைக் கையை ஏற்றி இறக்கி மாற்றலாம்.

24 சென்டிமீட்டர் வாயுள்ள, குழிந்த, கனமான எவர்சில்வர் பேசின் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் சூட்டை இழுத்து வெளியே விட்டுவிடும். நான்ஸ்டிக் கூடவே கூடாது. 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப்புகை விடும், ஹீட் கன் அந்த அளவை நொடியில் தாண்டிவிடும். பேசினை மரப்பலகையிலோ செங்கல்லிலோ வையுங்கள். 250 கிராம் கொட்டை, நீளக் காம்புள்ள மரக்கரண்டி, கையில் தோல் உறை. இடம் மொட்டை மாடி அல்லது காற்று அதிகம் அடிக்காத பால்கனி. காற்று அடித்தால் சூடு கலைந்து இருபது நிமிடம் இழுக்கும்.

முதல் நான்கு நிமிடம் மூக்கைக் கொட்டையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். மறுகை கிளறிக்கொண்டே இருக்கட்டும். எல்லாம் ஒரே சீராக மஞ்சளானதும் 5 சென்டிமீட்டருக்கு இறங்குங்கள். எட்டு, ஒன்பது நிமிடத்தில் முதல் வெடி. வெடி பரவலானதும் மறுபடி 8 சென்டிமீட்டருக்கு உயர்த்திவிடுங்கள். அந்தக் கட்டத்தில் கொட்டைக்குள்ளிருந்தே சூடு கிளம்பும். கீழேயே பிடித்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் வெடிக்குத் தாவிவிடும். மொத்தம் 11 அல்லது 12 நிமிடம்.

கெடும் விதம் இரண்டு. ஒரே இடத்தில் காட்டினால் கொட்டையின் முதுகில் அம்மைத் தழும்பு போல் கரும்புள்ளி விழும், குடிக்கும்போது சாம்பல் ருசி தெரியும். மூக்கைக் கொட்டைக்குள் அழுத்தினால் காற்று திரும்பி கன்னுக்குள்ளேயே போய் அதன் சுருள் எரியும். வேலை முடிந்ததும் குளிர் காற்றில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

வேர்க்கடலை வறுக்கிற மாதிரி சுடுமணலில் காபிக் கொட்டையை வறுத்தால் சீராக வருமே. யாரும் ஏன் செய்வதில்லை?
– வாசகர், பண்ருட்டி

சீராக வரும் என்பது சரி. எல்லாப் பக்கமும் ஒரே சூடு கிடைக்கும். சிக்கல் கொட்டையின் வயிற்றில் ஓடும் கீறலில் இருக்கிறது. வறுபடும்போது அது விரிந்து மணலை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சலித்தாலும் புடைத்தாலும் வராது. கடலைக்கு ஓட்டை உரித்துப் போட்டுவிடுகிறோம். இதை அப்படியே அரைக்கிறோம். மிக்ஸி பிளேடு மழுங்கும், பல் சக்கரத்தால் அரைக்கும் பர் கிரைண்டராக இருந்தால் பல்லே போய்விடும். கல்லுப்பில் வறுத்துப் பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். பல்லுக்குப் பதில் டிகாக்‌ஷன் கெடும். அதோடு மணல் சூட்டை விடாது. இறக்கவேண்டிய நொடியில் கொட்டையைப் பிரித்தெடுக்க முடியாமல் சலித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு பதம் தாண்டியிருக்கும்.

பிரஷர் குக்கரில் வெயிட் போடாமல் மூடி வைத்துக் குலுக்கினால்?
– வாசகி, ஈரோடு

கேஸ்கெட் ரப்பர் இந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. கருகிய ரப்பர் வாசனை கொட்டையில் ஏறினால் போகாது. உமி போக வழியும் இல்லை. மூடி இல்லாமல் வறுப்பதாக இருந்தால் குக்கர் எதற்கு? இரும்புக் கடாயே மேல்.

இரும்புக் கடாயில் வறுத்தால் வெளியே கறுப்பு, உடைத்தால் உள்ளே வெளிறிக் கிடக்கிறது. வறுக்கும்போது நெய் விட்டால், சர்க்கரை போட்டால் சரியாகுமா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டு தனிக் கேள்விகள் இவை.

முதலாவது தீயின் கோளாறு. கடாயில் சூடு தொடும் இடத்தில் மட்டும்தான் ஏறும். பிளாண்டேஷன் ஏ மாதிரி தட்டைக் கொட்டைக்குத் தட்டைப்பக்கம் ஒட்டிக் கருகும். உருண்டையாக இருக்கும் பீபெரி உருண்டுகொண்டே இருப்பதால் கடாய்க்குப் பொருத்தம். 200 கிராமுக்குமேல் போடாதீர்கள். கடாயில் கொட்டை இரண்டு அடுக்குக்கு மேல் நிற்கக் கூடாது. தண்ணீர்த்துளி தெளித்தால் உருண்டு ஓடும் அளவுக்குக் கடாய் காய்ந்ததும் கொட்டையைப் போட்டு, தீயை நடுத்தரமாக்குங்கள். மஞ்சள் நிறம் வர ஐந்தாறு நிமிடம் ஆக வேண்டும். மூன்றே நிமிடத்தில் பழுப்புத் திட்டு தெரிந்தால் தீ அதிகம். மஞ்சளான பிறகு தீயைக் கொஞ்சம் ஏற்றி, 11 முதல் 13 நிமிடத்தில் முதல் வெடியைக் கொண்டு வாருங்கள். பொறுமையாக இருக்கவேண்டியது முதல் பாதியில். பலரும் அங்கே அவசரப்பட்டு, பின்பாதியில் தீயைக் குறைத்துத் தடுமாறுகிறார்கள்.

நெய்யும் சர்க்கரையும் இதைச் சரிசெய்யாது. நெய் வாசனை பிடிக்கும் என்றால் அடுப்பை அணைத்த பிறகு அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் போட்டுப் புரட்டலாம். அந்தத் தூளைப் பத்து நாளைக்குள் முடித்துவிடுங்கள், சிக்கு வாடை வந்துவிடும். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது மலேசியா, சிங்கப்பூர் ‘கோப்பி’யின் வழக்கம். ஸ்பெயினிலும் சர்க்கரை போட்டு வறுக்கும் ‘டொரஃபாக்டோ’ உண்டு. செய்து பார்க்க ஆசையென்றால் கடாயில் மட்டும், கடைசி ஒரு நிமிடத்தில், 200 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். உருகிக் கறுத்ததும் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பாவிட்டால் பாறையாகிவிடும். கருத்த நிறமும் கசப்பும்தான் இதனால் கிடைக்கும். அந்த இரண்டையும் நம் காபியில் சிக்கரி ஏற்கெனவே தருகிறது.

பழைய வீடுகளில் கரி அடுப்பின்மேல் கையால் சுற்றும் உருளை இருக்குமே, அதற்கு மோட்டார் வைத்துச் செய்ய வேண்டும். என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், கோவை

கோவையில் இருந்துகொண்டு லேத் பட்டறைக்கா பஞ்சம்? அரைக் கிலோ ஈட்டுக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

உருளை: 15 சென்டிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் கனத்தில் எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகடு. துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம், தீ பட்டால் பூச்சு புகையும். உள்ளே நீளவாக்கில் 2 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று பட்டைகளைச் சற்றுச் சாய்வாகப் பற்றவையுங்கள். இந்தப் பட்டைகள் கொட்டையைத் தூக்கிக் கொட்டும். இல்லாவிட்டால் கொட்டைகள் அடியில் வழுக்கிக்கொண்டே கிடந்து ஒரு பக்கம் மட்டும் கருகும். ஒரு முனை மூடியது, மறுமுனையில் கை நுழையும் அளவுக்குத் திறப்பு. அதன் வழியாகத்தான் கரண்டியால் மாதிரி எடுத்துப் பார்ப்பீர்கள்.

அச்சு: 10 மில்லிமீட்டர் எஸ்.எஸ். கம்பி. பால் பேரிங் போடாதீர்கள், கிரீஸ் உருகிப் புகையும். கன்மெட்டல் புஷ் போதும்.

மோட்டார்: கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட். பழைய உதிரிபாகக் கடையில் கிடைக்கும். மெதுவேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று அளவில் ஓடும், நமக்குத் தேவை 45 முதல் 60. 10 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். கிளம்பும்போது மோட்டார் நிறைய இழுக்கும். மோட்டாரை உருளையிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, நடுவில் ஒரு தகட்டு மறைப்புக் கொடுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் சீராக வறுபடும் என்று நினைக்க வேண்டாம். இந்த விட்டத்தில் நிமிடத்துக்கு 110 சுற்றை நெருங்கும்போது கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், புரளாது. தீ நாக்கு உருளையை நக்கக் கூடாது. நுனிக்கும் தகட்டுக்கும் 2, 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஒரு வட்ட பர்னரைவிட நீளக் குழாய் பர்னர் நல்லது.

வெறும் உருளையை ஐந்து நிமிடம் சுடவைத்துக் கொட்டையைப் போடுங்கள். முதல் வெடி 10 முதல் 12 நிமிடத்தில். அதற்கு அரை நிமிடம் முன்பே தீயை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். வைக்கோல் வாசம் போய் ரொட்டி வாசம் வந்திருக்கும் நேரம் அது. உள்ளே தீப்பிடித்துவிட்டால் கேஸை அணைத்துத் திறப்பைத் தட்டால் மூடுங்கள். எரியும் கொட்டையை வெளியே கொட்டினால் காற்றுப் பட்டு இன்னும் எரியும்.

நிறத்தை வைத்துப் பதம் தெரியவில்லை. சமையலறை விளக்கில் எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது.
– வாசகர், மதுரை

தராசை நம்புங்கள். 200 கிராம் பச்சைக் கொட்டை வறுத்து ஆறிய பிறகு 174 கிராம் இருந்தால் இளம் வறுவல், 168 நடுத்தரம், 162 கருவறுவல். ஃபில்டருக்கு 166 முதல் 170 வரை வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் திறந்து வைத்த மூட்டைக் கொட்டை ஈரம் வாங்கியிருக்கும், எடை கூடுதலாக இறங்கும். மான்சூன்டு மலபார் வகைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். மேற்குக் கடற்கரைப் பருவக்காற்றில் ஊறி உப்பிய கொட்டை அது. வெடிச்சத்தமும் அடங்கித்தான் கேட்கும், சீக்கிரம் தீயும். தீயைக் குறைத்தே வறுங்கள்.

இறக்கிய பிறகும் கொட்டை கறுத்துக்கொண்டே போகிறது.
– வாசகி, திருச்சி

ஆறவைப்பதில் தாமதம். 215 டிகிரியில் இருக்கும் கொட்டை அடுப்பு இல்லாமலே தன் சூட்டில் வறுபடும். மூங்கில் முறம் சூட்டைப் பிடித்து வைக்கும். கம்பிச் சல்லடைகள் இரண்டை எடுத்து, டேபிள் ஃபேன் முன்னால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக் கொட்டுங்கள். நான்கு நிமிடத்துக்குள் கையில் அள்ளும் சூட்டுக்கு வர வேண்டும். உமியும் பறந்துவிடும். எதிர்வீட்டுத் துணி காயும் பக்கம் பார்த்து ஃபேனைத் திருப்பாதீர்கள்.

ஆசையாக வறுத்து அன்றைக்கே அரைத்து ஃபில்டரில் போட்டால், டிகாக்‌ஷன் வெளுத்துப்போய் இறங்குகிறது. கடைத்தூளே தேவலை என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். வெந்நீர் பட்டதும் அது கிளம்பித் தூளை உப்பவைத்து, மேலே அழுத்தும் தட்டைத் தூக்கிவிடும். தண்ணீர் தூளுக்குள் ஊறாமல் ஓரமாக வழி தேடி இறங்கிவிடும். கொட்டையாகவே இரண்டு நாள் டப்பாவில் வையுங்கள்; முதல் ராத்திரி மூடியை இறுக்க வேண்டாம். அன்றைக்கே வேண்டுமென்றால் அரைத்த தூளைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள். கொதிநீரை முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். வீட்டில் சொன்னதை வாபஸ் வாங்குவார்கள்.

வறுத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டால்?
– வாசகி, விழுப்புரம்

பாப்கார்ன் மெஷினாக இருந்தால் யோசிக்காமல் உடனே கவிழ்த்துவிடுங்கள். சூட்டுக் கம்பி அணைந்தாலும் கொதித்துக்கொண்டிருக்கும், காற்று நின்றதால் அடியில் இருப்பவை கருகும். கொட்டை மஞ்சளாவதற்கு முன் நின்றிருந்தால் ஆறியபின் புதிதாகத் தொடங்கலாம். பழுப்பான பிறகு என்றால் மறுபடி வறுப்பதில் பயனில்லை, நிறம் வரும், மணம் வராது.

சேர்ந்துபோன உமியை ரோஜாத் தொட்டியில் போடலாமா?
– வாசகி, ஓசூர்

போடலாம். நனைத்து, மண்ணோடு கலந்து போடுங்கள். மேலாகத் தூவினால் காற்றில் பறக்கும். தடியாகப் பரப்பினால் பூஞ்சை கட்டி, ஊற்றும் தண்ணீரை மண்ணுக்குள் விடாது.